பட்டுக்கடை மாடியில் தலை எண்ணிய காலம்

முகம் தெரியாத ஊருக்குப் போன் போட்டு, "இந்த வாரம் உங்க ஊருக்கு எத்தனை பேர் ஓடி வந்தாங்க, அவங்களுக்கு என்ன இல்லை?" என்று விசாரிப்பதும் ஒரு தொழில்தான், கொஞ்ச காலம் அந்தத் தொழிலில் நானும் சோறு தின்றிருக்கிறேன். சோறு பிசைந்து முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து, "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று ஒரு குரல் தேனாய்ப் பேசும். நீங்களும் அதைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். அந்தக் குரலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் நான். நான் எதையும் விற்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வேலை கிடைத்த கதை

வயசில் பாதியை ஜெத்தாவில் ஒரு துணிக்கடையில் கழித்தவன் நான். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் சூடான்காரர். அவரிடம்தான் அரபி கற்றேன். அதனால் என் அரபியைக் கேட்டால் சவூதிக்காரன் சிரிப்பான், சூடான்காரன் சொந்தம் கொண்டாடுவான். ரத்தத்தில் சர்க்கரையும் பெட்டியில் இரண்டு கம்பளியுமாகக் காஞ்சிபுரம் திரும்பி, செவிலிமேட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஜும்மா தொழுகை முடிந்து செருப்பைத் தேடுகிற இடத்தில் யாரோ சொன்னார்கள்: காமாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு பட்டுக்கடை மாடியில் அரபி தெரிந்த ஆள் எடுக்கிறார்களாம்.

விசா ஏஜென்ட் என்று நினைத்து, நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் படியேறினேன். மேலே நாலைந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் வேதவல்லி உட்கார்ந்திருந்தாள். சின்ன காஞ்சிபுரத்து அய்யங்கார் வீட்டுப் பெண், என் மகள் வயது. அரபியில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் ஆபீஸே அவள் கையில். சூடானில் சண்டை, ஜனங்கள் ஊர் ஊராக ஓடுகிறார்கள், எந்த ஊரில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், தண்ணீர் இல்லையா கூடாரம் இல்லையா மருந்து இல்லையா என்று வாராவாரம் தெரிந்தால்தான் நிவாரண லாரி சரியான இடத்துக்குப் போகும், நேரில் போய் எண்ண வழியில்லை, அதனால் ஊருக்கு ஒரு விவரம் தெரிந்த ஆளைப் பிடித்துப் போனில் கேட்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ காணாமப் போனவங்கள எல்லாம் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுப்பமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய். நாம ஆள் தேடற ஆபீஸ் இல்ல, தலை எண்ற ஆபீஸ். யாரோட பேரையும் கேக்கவே கூடாது."

போலீஸ்காரன்

ஒரு போன் ஏழு நிமிஷத்தில் முடிய வேண்டும் என்பது வேதவல்லியின் சட்டம். சூடான்காரர்களிடம் அந்தச் சட்டம் செல்லாது. எடுத்தவுடன் நீ எப்படி இருக்கிறாய், வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, பெண்டாட்டியின் அம்மா எப்படி, பக்கத்து வீட்டுக்காரன் எப்படி, உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு நாமும் அத்தனையையும் திருப்பிக் கேட்க வேண்டும். இது முடிவதற்குள் வேதவல்லி தன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் அவள் சொல்லைத் தட்ட முடியாமல், ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டதும் நேராகக் கேள்விக்கு வந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு அகதிகள்தான் தங்கியிருந்தார்கள். நல்ல மனுஷர். ஆனால் அன்று எல்லாக் கேள்விக்கும் "தெரியாது, தெரியாது" என்றே சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்டு, வீட்டிலிருந்து மழை வரைக்கும் முறையாக விசாரித்த பிறகுதான் வாய் திறந்தார். (அவர் பேசியது அரபி. எனக்கு வருவது நம்ம ஊர்த் தமிழ். அதனால் இந்தக் கதை முழுக்க சூடான்காரர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள் மாதிரிதான் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"நல்லது கெட்டது கேக்காம நேரா விஷயத்துக்கு வர்றவன் போலீஸ்காரன்தான்பா. நேத்து நீ யாருன்னே எனக்கு டவுட்டாப் போச்சு."

சாப்டீங்களா?

ஸைனப் டீ விற்பவர். ஹெட்மாஸ்டர் ஊரிலிருந்து வெகுதூரத்தில், லாரிகள் வந்து ஜனங்களை இறக்கிவிடும் ஒரு சின்ன ஊரில், மரத்தடியில் அடுப்பு வைத்திருந்தார். இறங்குகிறவர்கள் முதலில் அவர் முன்னால்தான் உட்காருவார்கள் என்பதால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரும் அப்படி ஒரு லாரியில் வந்து இறங்கியவர்தான். வயதான பெண்களை அங்கே மரியாதையாக ஹாஜ்ஜா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

முதல் போனில் நலமெல்லாம் விசாரித்து முடித்த கையோடு, பழக்க தோஷத்தில், "சாப்டீங்களா ஹாஜ்ஜா?" என்று கேட்டுவிட்டேன். நம்ம பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவனிடம்கூட இதைத்தான் கேட்கிறோம். பதில் யாருக்கு வேண்டும்? ஆனால் அவர் நிஜமாகவே பதில் சொன்னார். "நேத்து சாப்ட்டேன். நீ எந்த வேளையக் கேக்குற?" காது மடல் சுட்டுப்போனது எனக்கு. பட்டினி கிடக்கிற ஊருக்குப் போன் போட்டு சாப்பிட்டாயா என்று கேட்ட மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேதவல்லியிடம் போய்ச் சொன்னேன். எங்கள் கேள்விகளில் "உணவு போதுமான அளவில் இருக்கிறதா?" என்று ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் எல்லோரும் அல்லாவின் கிருபையால் இருக்கிறது என்பார்கள். அந்நியனிடம் பசி என்று சொல்ல மானம் விடாது. அவள் பேனாவைக் கடித்தாள்.

"ஸ்கிரிப்ட்ல இல்லாத கேள்வி கேக்கறது தப்பு பாய். ஆனா இத மட்டும் நிறுத்திடாதீங்கோ."

ரெண்டு பேர்

விவரம் சொல்பவரின் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. ஸைனப், "ரெண்டு பேர்" என்றார். இன்னொருவர் யார் என்றேன். "என் பொண்ணு ஹலீமா." அவங்க இப்போ பக்கத்தில் இருக்காங்களா என்றேன். "இல்ல."

ஊரை விட்டு ஓடிய அன்று கூட்டத்தில் அம்மா ஒரு லாரியிலும் மகள் இன்னொரு லாரியிலும் ஏறிவிட்டார்கள். ஒரே பாதைதானே, அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கைகாட்டிக்கொண்டார்களாம். வழியில் ஒரு பிரிவில் மகள் ஏறிய லாரி வேறு பக்கம் திரும்பிவிட்டது. மகளிடம் போன் கிடையாது. அதற்குப் பிறகு ஸைனப் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை, வருகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினார்.

எங்கள் விதிப்படி, இருக்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும். நான் ஒன்று என்று பதிந்தேன். அடுத்த வாரம் அவரே கேட்டார், "ரெண்டுன்னு எழுதினியா?" பொய் சொல்ல மனசு வரவில்லை, விதியைச் சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். நானும் அசட்டுத்தனமாக அதே விதியைச் சொன்னேன். ஒருநாள் சிரித்துவிட்டார்.

"நீ ஒண்ணுன்னே எழுதிக்கோ, அது உன் வேல. நான் எப்ப உலை வெச்சாலும் ரெண்டு பேருக்குத்தான் வெக்கிறேன், அது என் வேல."

அதிர்வேட்டு

எங்கள் மாடியில் அமைதியாகப் பேசுவது என்பது நடக்காத காரியம். கீழே கடைப் பையன்கள் வெளியூர் கார்களை மறித்து, "சார், பட்டு பாக்கலாம் வாங்க" என்று கூப்பிட்டபடி இருப்பார்கள். ஆட்டோக்காரர்கள் ஹாரனிலேயே பேசிக்கொள்வார்கள். வைகாசியில் வரதராஜர் கருட சேவை என்றால் கேட்கவே வேண்டாம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் எங்கள் தெருப் பக்கம் வருகிற நாள் அது. வேதவல்லி அன்று லீவு.

நான் ஹெட்மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். கழிப்பறை எத்தனை என்ற கேள்வியில் இருக்கும்போது தெருக்கோடியில் அதிர்வேட்டு வெடித்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு. போனில் ஹெட்மாஸ்டர் கத்தினார், "அன்வரு, ஜன்னல் கிட்ட நிக்காத! தரையில படு! லைட்ட அணை!" நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவர் கேட்கவில்லை. "பேசாத, படு! சத்தம் நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காத!" என்றார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிற மனுஷர், காஞ்சிபுரத்தில் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த என் உயிருக்காகப் பதறினார். நிஜமாகவே நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் ஓய்ந்ததும் விளக்கினேன். இங்கே கோயிலில் விசேஷம், சாமி ஊர்வலம் வருகிறது, அதற்குத்தான் வெடி, தெரு நிறைய ஜனம் நிற்கிறது என்றேன். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வெடிச் சத்தம் கேட்டா ஜனங்க வீட்ட வுட்டு வெளிய ஓடி வந்து பாக்குறாங்களா? ரொம்ப நல்ல ஊருபா உன்னுது."

மற்றவை

அவசரத் தேவை எது என்ற கேள்விக்குத் தண்ணீர், உணவு, கூடாரம், மருந்து, போர்வை, மற்றவை என்று பதில்கள் திரையில் இருக்கும். ஒன்றைத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஸைனப் மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை என்பார். சர்க்கரைக்குக் கட்டம் இல்லை, உணவில் சேர்த்துவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். சண்டை போட்டு மற்றவையில்தான் போடவைப்பார். சர்க்கரை நோய்க்காரனான நான் ஒருநாள் கடுப்பாகி, இத்தனை கஷ்டத்தில் சர்க்கரை என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்டேன்.

"வீட்ட வுட்டு வந்தவங்க லாரியில இருந்து இறங்குறப்போ அழமாட்டாங்கபா. சக்கர இல்லாத டீய ஒரு வாய் குடிச்சிட்டு, அப்புறம்தான் அழுவுறாங்க."

கெட்டில்

ஹலீமா விஷயம் என்னை விடவில்லை. அந்த லாரி திரும்பிய பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாங்கள்தானே வாராவாரம் போன் போடுகிறோம்? ஹெட்மாஸ்டரின் ஊரும் அந்தப் பக்கம்தான். ஹலீமா என்று ஒரு பெண் அங்கே இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? வேதவல்லியிடம் கேட்டேன். முடியாது என்றாள். கெஞ்சினேன். முடியாது. "உனக்கு நெஞ்சே இல்லையாம்மா?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. அங்கே ஒரு பேரைச் சொன்னாலே எந்த இனம், எந்த ஊர் என்று தெரிந்துவிடும், அந்தப் பேரைத் தேடுவது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நம் போனை வேறு யார் காது கொடுத்துக் கேட்கிறார்களோ என்றாள். எனக்கு அது உறைத்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் நான் வருவதற்கு முன்பே வந்து, எங்கோ மேலிடத்தில் பேசி அனுமதியும் வாங்கி வைத்திருந்தாள். "பொண்ணு எங்கன்னு நாம கேக்கக் கூடாது பாய். ஆனா அம்மா சம்மதிச்சா, அம்மா எங்கன்னு நாம சொல்லலாம். தேடி வரதா வேண்டாமான்னு பொண்ணு முடிவு பண்ணிக்கட்டும்."

ஸைனபிடம் கேட்டேன். உடனே சம்மதம். ஆனால் பேர் சொல்லாமல் எப்படி? டீக்காரி என்றால் சூடானில் தெருவுக்கு நாலு பேர். அம்மாவும் பெண்ணும் மட்டும் அறிந்த ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார். அதைத்தான் அந்தப் பாதையில் இருந்த ஒவ்வோர் ஊருக்கும், ஒவ்வொரு போனின் கடைசியிலும், அவர் இருக்கும் ஊர்ப் பேரோடு சேர்த்துச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் அதைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாராம்.

"சின்ன வயசுல வெந்நீர்க் கெட்டிலக் கவுத்துட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்கினவ எங்க இருந்தாலும் வரட்டும், இந்தத் தடவ அம்மா திட்டமாட்டான்னு சொல்லு."

கடைசி நாள்

பதில் வரவில்லை. வாரம் போய் மாதமானது. ஸைனபுக்குப் போன் போட எனக்குக் கை கூசியது. அவர் நலம் விசாரித்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். நான் கேள்விகளை ஆரம்பித்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் எங்கேயோ யாரோ பணத்தை நிறுத்திவிட்டார்கள். மாத முடிவில் ஆபீஸ் மூடல் என்று வேதவல்லி சொன்னாள். சண்டை நின்றுவிட்டதா என்று என்னோடு போன் போடுகிற ஒருவர் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். விடைபெறுவதற்கு ஸ்கிரிப்ட் எதுவும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் எனக்காகத் தொழுகையில் கேட்பதாகச் சொன்னார். ஸைனபிடம், இனி வாராவாரம் போன் வராது என்று சொல்லிவிட்டு, என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். அப்படிக் கொடுக்கக் கூடாது. வேதவல்லிக்கு அது காதில் விழுந்தது, எழுந்து போய் ஜன்னல் வழியாக ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸைனப் நம்பரை அங்கே நின்ற ஒரு லாரிக்காரரை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"நீ போன் பண்ணலன்னா, நாங்க கணக்குலயே இல்லன்னு ஆயிடுவமா?"

தெரியாத நம்பர்

வேதவல்லி இப்போது ஏனாத்தூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். நான் பெரிய காஞ்சிபுரத்தில் மச்சானின் கடையில் நூல், ஊசி, புடவைக்கு அடிக்கும் ஃபால்ஸ் விற்கிறேன். பட்டுக்கடை மாடியில் இப்போது ஒரு அழகு நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தலை தானாக மேலே நிமிரும். அங்கே உட்கார்ந்து மழை எப்படி, பக்கத்து வீட்டுக்காரன் எப்படி என்று கேட்ட காலம்போல் ஒரு காலம் எனக்கு இனி வராது.

போன வாரம், மத்தியானம். என் மனைவி சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்தாள். சோறு பிசைந்து முதல் கவளம் எடுக்கிறேன், போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். "எடுக்காதீங்க, அக்கவுண்ட்ல இருக்கறத எல்லாம் உருவிடுவான்" என்றாள். இடதுகையால் எடுத்தேன்.

"அன்வரு, எப்படி இருக்கபா?" ஸைனப்! என்ன ஆயிற்று என்று கேட்க வாய் துடித்தது, ஆனால் அவர் ஆரம்பித்துவிட்டார். வீடு எப்படி? நல்லா இருக்கு ஹாஜ்ஜா. பிள்ளைகள்? நல்லா இருக்காங்க. பெண்டாட்டியின் அம்மா? பக்கத்து வீட்டுக்காரன்? ஒன்றைக்கூட விடவில்லை. உன்னை முறைக்கிற அந்தப் பெண் எப்படி? வெடி வெடிக்கிற உன் சாமி எப்படி? (வேதவல்லி முறைப்பதையும் ஹெட்மாஸ்டர் சொன்னதையும் நான்தான் எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன்.) வேதவல்லியின் ஏழு நிமிஷச் சட்டம் எவ்வளவு நியாயமானது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முறைப்படி நானும் அத்தனையையும் திருப்பிக் கேட்டேன், சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியாக, கேட்கப் பயந்துகொண்டே, "சாப்டீங்களா ஹாஜ்ஜா?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் தடாலென்று விழுந்தது. ஒரு இளம்பெண் ஐயோ என்றாள். உடனே ஸைனப் போனை மறந்துவிட்டு, கண்மூடித்தனமா நடக்கிறியே, இன்னும் உனக்குக் கெட்டிலைப் பிடிக்கத் தெரியலையே என்று திட்டு திட்டென்று திட்ட ஆரம்பித்தார். திட்டமாட்டேன் என்று அத்தனை ஊருக்கும் என்னைச் சொல்லவைத்த அம்மா! இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அழுதேன். என் மனைவி பணம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். ஸைனப் மறுபடி லைனுக்கு வந்தார். அந்த வேலை போய்விட்டது, எழுத இடமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார், நானும் எழுதிட்டேன் ஹாஜ்ஜா என்றேன்.

"இப்போ எழுதுபா. ரெண்டு பேர்."

அன்றிலிருந்து தெரியாத நம்பர் எது வந்தாலும் நான் எடுத்து முதலில் வீடு, பிள்ளைகள், மழை எல்லாம் விசாரித்துவிடுகிறேன். லோன்காரர்கள் என்னைக் கண்டாலே பயந்து ஓடுகிறார்கள்.